நஸீரா டீச்சரும் ஒரிஜினல் இல்லாத கார்புரேட்டரும்

நஸீரா டீச்சரின் தம்பி ஸாலிஹ் நானா என்னோடு பேச்சை நிறுத்திப் பல மாதங்களாகியிருந்தன. ஆகவே அன்று காலை, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் அவருடைய பெயர் விழுந்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. "டீச்சர், ராத்தா மவுத்தாகிட்டாங்க. ளுஹர் தொழுகைக்குப் பிறகு எடுக்கிறம்" என்றார். ராத்தா என்றால் அக்கா; நண்பகல் தொழுகை முடிந்ததும் அடக்கம். நான் அடுப்பை அணைத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, மடவளை பஸ்ஸைப் பிடிக்க இறங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த உங்களில் பலருக்கு நஸீரா டீச்சர் என்றால் மனைப்பொருளியல் அறையும், அங்கிருந்து வரும் ஏலக்காய் வாசமும், ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்களைப் பார்த்து அவர் விடும் பெருமூச்சும்தான் நினைவுக்கு வரும். நான் பக்கத்து அறையில் புவியியல் படிப்பித்தேன். ஓய்வுபெறும்வரை இருவரும் ஒரே மேசையில்தான் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். அவர் மடவளை, நான் அம்பிட்டிய. அவர் தஸ்பீஹ் ஜெபமாலையின் மணியைப் போல் அமைதியான ஆள். நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை என்னிடம் அடி வாங்கியவர்களே சொல்வார்கள்.

ஸாலிஹ் நானாவுடைய கோபத்தின் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை வாசிக்கிற அவருடைய சொந்தக்காரர்கள் நான் மழுப்புகிறேன் என்பார்கள். டீச்சருக்கு வந்திருந்த நோயின் பெயரை அவரிடமே சொன்னவள் நான்தான். வீட்டார் எல்லாரும் சேர்ந்து "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று சொல்லிவைத்திருந்தார்கள். நான் அதை உடைத்தேன். சரியா பிழையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரைப் பற்றி நீங்கள் கேட்டாக வேண்டும்.

டீச்சருடைய வகுப்பறை அலுமாரியில் பெயர் ஒட்டாத போத்தல் ஒன்றுகூட இருக்காது. ஒருநாள் ஆசிரியர் அறையில் சீனி முடிந்துவிட்டதென்று நான் அவருடைய அறைக்குப் போய், மேசையில் கிடந்த சின்னக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி வெள்ளைத் தூளை அள்ளி என் தேநீரில் போட்டேன். அப்பச் சோடா. கோப்பை நுரைத்துக்கொண்டு பொங்கியது. டீச்சர் சிரிக்கவேயில்லை. "பேர் தெரியாத சாமான்ல கை வெக்கக்கூடாது டீச்சர். மொதல்ல இது யாருண்டு கேக்கணும்" என்றார். பிறகு தன் போத்தலிலிருந்த சீனியில் எனக்கு வேறு தேநீர் போட்டுத் தந்தார்.

அவருடைய கணவர் ஹனீபா ஸார் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவரிடம் ஐம்பதுகளில் செய்த இங்கிலாந்துக் கார் ஒன்று இருந்தது. கறுப்பு நிறம், வட்டக் கண் போன்ற விளக்குகள், ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு. யாரிடமோ வாங்கியதுதான், ஆனால் வாங்கிய நாளிலிருந்தே "ஆணிகூட மாத்தல்ல, எல்லாம் ஒரிஜினல்" என்று அவர் சொல்லிவந்தார். காரோடு வந்த கைநூலைப் பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பொனட்டைத் திறந்துவைத்து, கைநூலைப் பார்த்துப் பார்த்து எதையோ திருப்புவார். கார் அப்போதைக்குச் சரியாகும். மறுநாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே நெரிசலில் நின்றால் கறுப்புப் புகை கக்கி அணைந்துபோகும். ஸாருடைய சட்டைகளில் பெட்ரோல் வாசம் போகவே போகாது என்று டீச்சர் முறைப்பட்டிருக்கிறார்.

ஸார் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். டீச்சர் இத்தா இருந்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கணவன் இறந்த முஸ்லிம் பெண் நான்கு மாதங்களுக்குச் சற்று மேல் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் காலம் அது. வெள்ளை உடுப்பு. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய் அவரோடு இருப்பேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி ஸாலிஹ்தான் கடை கண்ணிக்குப் போய்வந்து எல்லாம் பார்த்தார். காரையும் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து பார்ப்பார். அது இருமும், புகைக்கும், நின்றுவிடும்.

ஒருநாள் ஸாலிஹ் நானா கராஜிலிருந்து வந்து சொன்னார்: "ராத்தா, இது இனிச் சரிவராது. திகனயில ஒராள் கேக்கிறார், ஒரிஜினல் கார்ண்டதால ஆசப்படுறார். இத்தா முடிஞ்சதும் குடுத்திடுவம். நீங்களா ஓட்டப்போறீங்க?"

டீச்சரிடம் லைசென்ஸ் இருந்தது. கலியாணத்துக்கு முன்பே எடுத்தது. அதன் பிறகு ஸார் ஓட்ட, இவர் பக்கத்தில் இருந்ததோடு சரி. "ஏன் ஓட்டக்கூடாது? இத்தா முடியக்குள்ள அது சரியா ஓடினா நான் வெச்சிக்கிறன். ஓடாட்டி நீங்க கொண்டுபோங்க" என்றார். ஸாலிஹ் நானா என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் ஏற்றிவிட்டதுபோல. சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை.

கராஜ் வீட்டோடு ஒட்டியது. சமையலறைக் கதவால் இறங்கினால் காரடி. மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது, ஆகவே டீச்சர் தானே பொனட்டைத் திறந்தார். நான் டோர்ச் பிடித்தேன். கைநூலை எடுத்து, கார்புரேட்டர் என்று போட்டிருந்த படத்தையும் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமானையும் மாறி மாறிப் பார்த்தார். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் உறுப்பு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். படத்தில் இருந்தது பக்கவாட்டில் படுத்திருந்தது, தலையில் மணி கவிழ்த்ததுபோல ஒரு மூடி. நம் காரில் இருந்ததோ நிமிர்ந்து நின்றது, மணியுமில்லை ஒன்றுமில்லை. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே யாரோ கையால் அறுத்துத் துளை போட்ட ஓர் அலுமினியத் தட்டு.

"படத்தில ஈக்கிறவரும் இங்க ஈக்கிறவரும் ஒரே ஆளில்ல" என்றார் டீச்சர்.

"பழைய படமா இருக்கும் டீச்சர்" என்றேன் நான்.

"புள்ளட படத்தக் காட்டி வாப்பாண்டு செல்ல ஏலுமா?" என்று திருப்பிக் கேட்டார். நான் டோர்ச்சை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டேன்.

பெயர்த்தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திருகாணி மட்டும் மிச்சமிருந்தது. பழைய பல்தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்து அழுக்கைத் தேய்த்தார். பக்கச் சுவரில் வார்ப்பிலேயே எழும்பியிருந்த சில எழுத்துகளும் இலக்கங்களும் தெரிந்தன, வாசிக்க முடியவில்லை. பூவேலைக்கு மாதிரி எடுக்கிற மெல்லிய தாளை அதன் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தார். எழுத்து அப்படியே தாளில் வந்தது. தையல் நாடாவால் வாயின் அகலத்தை அளந்து ஓரத்தில் குறித்தார். "இதக் கொண்டுபெய்த்து ராஜு பாஸ்கிட்டக் காட்டுங்க. இது யாருண்டு மட்டும் கேளுங்க" என்றார்.

ராஜு பாஸ், அதாவது மெக்கானிக் ராஜு, கம்பளைக்காரர். கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருந்தார். ஸாருடைய காருக்கு எப்போதும் அவர்தான். தாளைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இது ஜப்பான் சின்ன வேனுக்கு வர்ற காபரேட்டருங்க டீச்சர். சாமான் வராத காலத்துல யாரோ தட்டு அடிச்சு மாட்டியிருக்காங்க."

"பாத்தவுடனே சொல்றீங்களே, எப்ப இருந்து தெரியும்?"

"மொத நாள்லருந்தே தெரியுங்க."

எனக்கு வந்த ஆத்திரம்! "தெரிஞ்சுமா அந்த மனுசன் கைநூலப் பாத்துத் திருப்பித் திருப்பிச் சாக விட்டீங்க?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஸார் எல்லாம் ஒரிஜினல்னு சொல்றப்ப நா எப்படிங்க இல்லன்னு சொல்றது? எம் மகளுக்கு ஸ்கூல்ல எடம் குடுத்த மனுசன். நாலு பேரு முன்னாடி பெருமையாச் சொல்லுவாரு. எனக்கு வாய் வரலீங்க. அவரு இல்லாத நேரத்துல நானே வேகத்த மட்டும் சரி பண்ணி வெப்பேன், அவரு வந்து புத்தகத்தப் பாத்துத் திருப்பிடுவாரு."

இதை அப்படியே கொண்டுபோய் டீச்சரிடம் சொன்னேன். அவர் கராஜ் படியில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "பாருங்க டீச்சர், வேற ஒராளுக்கு எழுதின புத்தகத்தப் பாத்து இதுக்கு மருந்து குடுத்தீக்கார். சுத்தியிருந்த எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் ஒருத்தரும் செல்லல்ல" என்றார். ஸார் போன பிறகு அவர் வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜு பாஸை வரச்சொன்னார். பாஸ் கராஜுக்கு வெளியே, பலகைக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் உள்ளே. நான் வாசலில், பொலிஸ்காரர் மாதிரி. வேலை தொடங்க முன்னர் டீச்சர் உள்ளேயிருந்து சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"பாஸ், மரியாதைக்காக எனக்கிட்ட ஒண்டையும் மறைக்காதீங்க. எதுண்டாலும் பேரைச் செல்லுங்க. பேர் தெரிஞ்சா நான் பாத்துக்கொள்ளுவன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும்தான் டீச்சர்" என்றார்.

"எனக்கு மறைக்கத் தெரிஞ்சா நான் ஏன் இத்தன பேரோட சண்டைக்காரியா இருக்கேன்?" என்றேன். பாஸ் வெளியே இருமிச் சிரிப்பை மறைத்தார்.

பிரச்சினை இரண்டு என்று பாஸ் விளக்கினார். அந்தக் கையால் அறுத்த தட்டு சரியாகப் பொருந்தாமல் இடுக்கில் காற்று உள்ளே போகிறது. அதை ஈடுகட்ட யாரோ எப்போதோ பெட்ரோலை அளவுக்கு மேல் திறந்துவிட்டிருக்கிறார்கள். அப்படித் திறந்துவிடுவது பெட்ரோல், காற்றுக் கலவையின் அளவை மாற்றும் ஒரு திருகாணி; ஸாருடைய கைநூலில் அந்தக் கலவைத் திருகாணி இல்லாததால் அவர் அதைத் தொட்டதேயில்லை. எஞ்சின் வேகத்தைக் கூட்டுகிற மற்றத் திருகாணியை மட்டும் திருப்பித் திருப்பி அணையாமல் வைத்திருந்தார். முதலில் டீச்சர் எஞ்சினை ஓடவிட்டு, தட்டின் விளிம்பெல்லாம் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் தடவினார். ஓரிடத்தில் நுரை சட்டென்று உள்ளே இழுபட்டது, எஞ்சின் சத்தமும் மாறியது. "இந்தாதான் ஓட்டை!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார்.

அந்த இடுக்கை அடைக்கும் கேஸ்கட்டை அவரே வெட்டினார். நான் கண்டியில் வாங்கிவந்த கேஸ்கட் தாளில், சட்டைக்குக் கழுத்து வெட்டுவதுபோல மாதிரி வரைந்து, பூவேலைக் கத்தரிக்கோலால் ஒரு நூல் பிசகாமல் வெட்டி எடுத்தார். பாஸ் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடையில்கூட இப்படிக் கிடைக்காது என்றார்.

பிறகு கலவை. எஞ்சினை நிறுத்திவிட்டு, திருகாணியை மெதுவாக, முட்டும்வரை மட்டும் உள்ளே திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்கச் சொன்னார் பாஸ். "இறுக்கிடாதீங்க, நுனி போயிரும். இப்ப ஸ்டார்ட் பண்ணி சூடாக விடுங்க. பெறகு கால் சுத்து திருப்புங்க. திருப்பிட்டுக் கையை எடுத்துடுங்க. கேளுங்க." டீச்சர் கால் சுற்று திருப்பினார், கையை எடுத்தார், தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்குப் பொறுமை இல்லை. "இன்னும் கொஞ்சம் திருப்புங்களேன்" என்றேன். "டீச்சர், கொஞ்சம் வாய மூடுங்க, எஞ்சின் பேசுது" என்றார். எங்கள் சிநேகிதத்தில் அவர் என்னை வாயை மூடச் சொன்னது அந்த ஒரு தடவைதான். எஞ்சின் சத்தம் ஏறி ஏறி ஓரிடத்தில் சீராக நின்றது. அங்கேயே விட்டுவிட்டு மற்றத் திருகாணியால் வேகத்தைக் குறைத்தார். புகை இல்லை. அவருடைய வெள்ளை உடுப்பு முழங்கைவரை கறுத்துப்போயிருந்தது.

இத்தா முடிந்தது. அந்த வாரமே காரை என் வீட்டுக்கு ஓட்டி வருவதென்று ஏற்பாடு. மடவளையிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலம், கண்டி வாவிக்கரை நெரிசல், பிறகு அம்பிட்டிய ஏற்றம். இடையில் அணைந்தால் கார் திகனக்காரருக்கு. நான் முன்னே, ஸாலிஹ் நானா பின் இருக்கையில், என் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வாவிக்கரையில் முன்னாலும் பின்னாலும் பஸ். நாங்கள் அசையவே இல்லை. மூன்று பேரும் எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டு வாசலில் இறங்கிய ஸாலிஹ் நானா, பொனட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். தேநீர் குடித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, "கார் குடுக்கிறதில்ல, மன்னிச்சிக்கோங்க" என்று திகனக்காரரிடம் சொன்னார்.

அதன்பிறகு டீச்சர் ஓட்டாத இடமில்லை. கலியாண வீடுகளில் யாராவது "ஒரிஜினலா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். "எஞ்சின் இங்கிலாந்து. காபரேட்டர் ஜப்பான். ஓட்டுறவ மடவளை" என்பார். ஒரு தடவைகூட ஆம் என்று சொல்லிவிட்டு நகர்ந்ததில்லை.

போன வருடம் அவர் மெலியத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ஒருநாள் நான் போனபோது ஸாலிஹ் நானா என்னை வாசல் கேட்டடியிலேயே நிறுத்தினார். கண் சிவந்திருந்தது. கணையத்தில் புற்றுநோய், பரவிவிட்டது என்றார். "ராத்தாக்குச் செல்லாதீங்க டீச்சர். கேஸ்ட்ரைட்டிஸ்ண்டு சென்னீக்கிறம். தாங்கமாட்டாங்க." நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. "நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன்" என்றேன்.

டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மேசையில் மருந்துகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஒட்டியிருந்த பெயரை யாரோ கிழித்திருந்தார்கள்! அவரிடமா இந்த வேலை? நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"பேர் ஒட்டாத போத்தல் டீச்சர்" என்றார். "எனக்கு வந்தீக்கிறது யாரு? பேரைச் செல்லுங்க."

சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதாக ஸாலிஹ் நானா சொன்ன அத்தனையும் சொன்னேன்.

அன்று பின்னேரம் ஸாலிஹ் நானா என்னிடம், "இனி இந்த வீட்டுக்கு வராதீங்க" என்றார். நான் போனேன்தான். கதவைத் திறப்பார், முகம் பார்க்கமாட்டார், உள்ளே போய்விடுவார். அப்படியே அந்த மாதங்கள் போயின. ஜனாஸா அடக்கத்தன்றும் தலையை அசைத்ததோடு சரி. ஆண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், நாங்கள் பெண்கள் உள்ளே இருந்தோம்.

டீச்சருக்காகக் குர்ஆன் ஓதி முடிக்கும் கத்தம் நடந்த அன்று எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்குப் புறப்பட்டேன். ஸாலிஹ் நானா கராஜ் கதவைத் திறந்துகொண்டு, "ஏறுங்க டீச்சர், கொண்டுபெய்த்து விடுறன்" என்றார். ஏறினேன். கார் ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. கட்டுகஸ்தோட்டைக்கு வந்தோம். பாலத்தில் நெரிசல். கார் நின்றபடி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினார்.

"கடைசியில எழும்ப ஏலாமப் பெய்த்து. கட்டில சமையலறை ஜன்னலடிக்குப் போடச் சென்னாங்க. நான் கராஜில, ராத்தா உள்ளுக்கு. ஸ்டார்ட் பண்ணுங்க, கால் சுத்துத் திருப்புங்க, கைய எடுங்கண்டு அங்க இருந்தே படிச்சுத் தந்தாங்க. கேட்டுட்டு, 'இப்ப சரி, இனித் தொடாதீங்க'ண்டாங்க. யார் யாருக்கு என்ன குடுக்கணும், யார்கிட்ட மாப்புக் கேக்கணும், எல்லாம் அவங்களே முடிச்சிட்டுத்தான் போனாங்க." பிறகு, "ஒண்டு கேக்கவா டீச்சர்? நீங்க சென்னப்ப ராத்தா அழுதாங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மரியாதைக்கு அதைத்தான் சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தார்.

"அழுதாங்க" என்றேன். "நல்லா அழுதாங்க. என் தோள்பட்டை நனைஞ்சுபோச்சு. பயமா இருக்குன்னு சொன்னாங்க. பிறகு முகத்தைக் கழுவிட்டு, எனக்கும் சேர்த்து டீ போடச் சொன்னாங்க."

ஸாலிஹ் நானா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரை எடுத்தார்.

டீச்சருடைய புடவைகளில் ஒன்றை எனக்குத் தந்தார்கள், அது அலுமாரியில் இருக்கிறது. நான் நஸீரா டீச்சரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அதுவல்ல. அன்று வாயில் வந்த "இல்லை"யை விழுங்கிவிட்டு "அழுதாங்க" என்றேனே, அது அவருடையது.